பெரிய கொள்கலன் கப்பலைப் பின்தொடர்வது எப்படி? கொழும்பிலிருந்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புறக்கோட்டை இறக்குமதியாளர்கள், கிளியரிங் அலுவலகப் பிள்ளைகள், கப்பலில் வேலை செய்வோரின் வீட்டார், கப்பல் பார்ப்பதில் ஆசையுள்ளோர் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இங்கே உள்ளன. எந்தப் பதிலை வாசிக்கும்போதும் ஒன்றை மறக்க வேண்டாம்: திரையில் தெரிவதில் ஒரு பகுதி கருவி அளந்தது, மறு பகுதி யாரோ ஒருவர் கையால் தட்டியது. இரண்டையும் ஒன்றாக நம்புவதிலிருந்துதான் பாதிப் பிழைகள் வருகின்றன.

கப்பலின் பெயர் மட்டும்தான் தெரியும். எங்கிருந்து தொடங்குவது?

பெயரை வைத்து ஐஎம்ஓ எண்ணைக் கண்டுபிடியுங்கள். அது சர்வதேச கடல்சார் அமைப்பின் (ஐஎம்ஓ) முறைப்படி ஒவ்வொரு கப்பலுக்கும் கிடைக்கும் ஏழு இலக்க அடையாளம். பிறகு பெயரை ஒதுக்கிவிட்டு அந்த எண்ணோடு மட்டும் வேலை செய்யுங்கள். ஒரே பெயரில் ஒரு கொள்கலன் கப்பலும் ஒரு எண்ணெய்க் கப்பலும் ஒரு மீன்பிடிப் படகும் ஒரே நேரத்தில் இருக்கலாம். வாடகைக்கு எடுக்கும் கம்பனி மாறினால் பெயர் மாறும், விற்றால் மாறும், உடைக்கக் கொண்டுபோகும் வழியிலும் மாறும். ஐஎம்ஓ எண் கப்பல் கட்டப்படும்போது கிடைத்து, உடைக்கப்படும் வரை அதனுடனேயே இருக்கும். இந்த முறை 1987-இல் ஏற்றுக்கொள்ளப்பட்டு 1996 ஜனவரி 1 முதல் கட்டாயமானது. கப்பலின் வெளியுடலிலும் அந்த எண் நிலையாகப் பொறிக்கப்பட்டிருக்க வேண்டும். எழுத்தின் உயரம் 200 மில்லிமீற்றருக்குக் குறையக்கூடாது. பெரும்பாலான கொள்கலன் கப்பல்களில் பின்புறத்தில், பெயருக்கும் பதிவுத் துறைமுகத்துக்கும் கீழே அதைக் காணலாம்.

தேடும்போது கப்பலின் நீளத்தையும் கட்டிய ஆண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். உங்கள் ஆவணத்தில் இருப்பது 400 மீற்றர் கப்பலாக இருக்க, தேடலில் வருவது 140 மீற்றர் என்றால் அது வேறு கப்பல்.

அனுப்பிய ஐஎம்ஓ எண் சரியானதா என்று எப்படிச் சோதிப்பது?

ஏழு இலக்கங்களில் கடைசி இலக்கம் சோதனை இலக்கம். முதல் ஆறு இலக்கங்களை முறையே 7, 6, 5, 4, 3, 2 ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். கூட்டுத்தொகையின் கடைசி இலக்கமும் ஏழாவது இலக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும்.

கொழும்புக் கடலில் 2021-இல் எரிந்து மூழ்கிய எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பலின் எண் 9875343. ஒன்பதேழு 63, எட்டாறு 48, ஏழைந்து 35, ஐந்நான்கு 20, மும்மூன்று 9, நாலிரண்டு 8. கூட்டினால் 183. கடைசி இலக்கம் 3. எண்ணும் 3-இல்தான் முடிகிறது. ஃபோனில் சொல்லி எழுதிய எண்ணில் ஓர் இலக்கம் பிசகியிருந்தால் இந்தக் கணக்கு பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

ஒரு எச்சரிக்கை: கப்பல் கம்பனிகளுக்கும் ஏழு இலக்க ஐஎம்ஓ எண் உண்டு. கம்பனியின் எண்ணைக் கப்பல் தேடலில் போட்டுவிட்டு "இப்படி ஒரு கப்பலே இல்லை" என்று முடிவுகட்ட வேண்டாம்.

எம்எம்எஸ்ஐ எண் எதற்கு?

அது வானொலிக் கருவியின் ஒன்பது இலக்க அடையாளம். முதல் மூன்று இலக்கங்கள் கொடியைச் சொல்லும்: 417 இலங்கை, 419 இந்தியா, 636 லைபீரியா, 538 மார்ஷல் தீவுகள், 563 முதல் 566 வரை சிங்கப்பூர். கொடி மாறினால் எம்எம்எஸ்ஐயும் மாறும். ஆகவே பழைய தடங்களைத் தேடும்போது ஒரே கப்பலுக்கு இரண்டு மூன்று எம்எம்எஸ்ஐ எண்கள் வரும். அவை அனைத்தையும் ஐஎம்ஓ எண்ணுக்குக் கீழே கட்டிவைத்தால் தடம் அறுபடாது.

மரீன்டிராஃபிக், வெசல்ஃபைண்டர் போன்ற தளங்களில் தெரியும் தகவலில் எதை நம்பலாம்?

அவை காட்டுவது ஏஐஎஸ் சமிக்ஞை, அதாவது கப்பல் தன் அடையாளத்தையும் இடத்தையும் வானொலியில் தானாகவே அறிவிப்பது. சர்வதேசப் பயணம் செய்யும் 300 மொத்தத் தொன்னும் அதற்கு மேலும் உள்ள கப்பல்கள் அதைக் கட்டாயம் ஒலிபரப்ப வேண்டும். 161.975, 162.025 மெகாஹேட்ஸ் ஆகிய இரு அலைவரிசைகளில், பெரிய கப்பலில் 12.5 வாட் வலுவில் அது போகிறது. 14 நொட்ஸுக்குக் (ஒரு நொட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) குறைவாக ஓடும் கப்பல் 10 செக்கனுக்கு ஒரு தடவையும், 14 முதல் 23 நொட்ஸ் வரை ஓடுவது 6 செக்கனுக்கு ஒரு தடவையும் தன் இடத்தைச் சொல்லும். நங்கூரமிட்டாலோ கட்டிநின்றாலோ 3 நிமிடத்துக்கு ஒரு தடவை. பெயர், நீளம், போகுமிடம் முதலியன 6 நிமிடத்துக்கு ஒரு தடவை.

இடம், வேகம், ஓடும் திசை, முகம் பார்க்கும் திசை ஆகிய நான்கையும் கருவியே அளக்கிறது. ஜிபிஎஸ் ஒழுங்காக வேலை செய்தால் இவற்றை நம்பலாம்.

போகுமிடம், வந்துசேரும் நேரம், அமிழ்ந்திருக்கும் ஆழம், "ஓடுகிறது, நங்கூரமிட்டிருக்கிறது, கட்டப்பட்டிருக்கிறது" என்ற நிலை ஆகிய நான்கும் கப்பலின் மேல்தளத்தில் அதிகாரி ஒருவர் விசையழுத்திப் போடுவது. துறைமுகத்தை விட்டு வெளியேறும் பரபரப்பில் அதை மாற்ற மறப்பது சாதாரணம். கட்டை அவிழ்த்து 18 நொட்ஸில் ஓடும் கப்பல் இன்னும் "கட்டப்பட்டிருக்கிறது" என்று காட்டினால் வேகத்தை நம்புங்கள், நிலையை விடுங்கள். ஆழத்துக்கும் இதே விதி. கொழும்புக்குள் வரும்போது 14.2 மீற்றர், இரண்டாயிரம் பெட்டி இறக்கிவிட்டுப் போகும்போதும் அதே 14.2 என்றால் யாரும் அதைத் தொடவில்லை என்று அர்த்தம். அந்த எண்ணை வைத்து எவ்வளவு சரக்கு இறங்கியது என்று கணக்குப் போட வேண்டாம்.

வேகம் 102.3 நொட்ஸ், முகத்திசை 511 என்று வந்தால் பதற வேண்டாம். "தரவு இல்லை" என்பதற்கு ஏஐஎஸ் வைத்திருக்கும் குறியீடுகள் அவை.

"வரும் நேரம் 03:00" என்று இருக்கிறது. அது நம் நேரமா?

ஏஐஎஸ்ஸில் வருவது உலகப் பொது நேரமான யூடிசி. இலங்கை நேரத்துக்கு ஐந்தரை மணித்தியாலம் கூட்டுங்கள். 03:00 என்பது காலை 8:30. சில தளங்கள் தாமே உள்ளூர் நேரமாக்கிக் காட்டும், சில காட்டா. ஒரே பக்கத்தில் இரண்டு வகை நேரமும் இருப்பதுண்டு, ஆகவே அமைப்புகளில் ஒரு தடவை பார்த்து உறுதிசெய்யுங்கள். பழைய சம்பவங்களைத் தேடும்போது இது இன்னும் முக்கியம். கொழும்புக்குப் புறப்பட்ட டாலி கப்பல் பால்டிமோர் பாலத்தில் மோதியது 2024 மார்ச் 26 அன்று அங்குள்ள நேரப்படி அதிகாலை 1:28 அளவில். தரவுக்கோப்பில் அது 05:28. நம் கடிகாரத்தில் காலை 10:58. மூன்றையும் கலந்து எழுதினால் தடமும் செய்தியும் ஒட்டாது.

வந்துசேரும் நேரத்தை நீங்களே கணிப்பதே மேல். மிகுதித் தூரத்தைக் கடல் மைலில் எடுத்து, கடந்த சில மணித்தியாலங்களின் சராசரி வேகத்தால் வகுங்கள். சிங்கப்பூரிலிருந்து கொழும்பு சுமார் 1,600 கடல் மைல். 16 நொட்ஸில் 100 மணித்தியாலம், அதாவது நாலு நாளும் நாலு மணித்தியாலமும். இது, கப்பலைத் துறைமுகத்துக்குள் வழிநடத்தும் பைலட் ஏறும் இடம் வரைக்கும்தான். கரையில் கட்டுவது வேறு கணக்கு.

கப்பல் கொழும்புக்கு வருமா, விட்டுவிட்டுப் போகுமா? முன்கூட்டியே தெரியுமா?

தெரியும், கிழக்கிலிருந்து வரும் கப்பலென்றால் நன்றாகவே தெரியும். பார்க்க வேண்டிய இடம் தேவேந்திர முனை.

மலாக்கா நீரிணையிலிருந்து மேற்கே போகும் கப்பல் எல்லாம் இலங்கையின் தென்முனைக்குக் கீழே ஒரே பாதையில் நெருக்கமாக ஓடும். உலகத்தின் மிக நெரிசலான கடல்வழிகளில் ஒன்று அது. கொழும்புக்கு வரும் கப்பல் முனையைக் கடந்ததும் வடமேற்காகத் திரும்பி, காலிக்கு வெளியே வந்து, மேற்குக் கரையோரமாக வடக்கே ஏறும். அங்கிருந்து கொழும்பு ஏறத்தாழ 100 கடல் மைல். 16 நொட்ஸில் ஆறு மணித்தியாலத்துக்குச் சற்று மேல். சூயஸ் பக்கம் போகும் கப்பல் திரும்பாது. மினிக்கோய்த் தீவை நோக்கி மேற்கு வடமேற்காக நேரே போகும். காலிக்குத் தெற்கே வந்த பிறகும் ஓடும் திசை 290 பாகையை ஒட்டியே இருக்கிறது, வேகமும் குறையவில்லை என்றால், போகுமிடத்தில் கொழும்பு என்று எழுதியிருந்தாலும் முகவரை உடனே அழையுங்கள்.

அதற்கும் முன்னதாக ஒரு அறிகுறி உண்டு. போகுமிடம் பெரும்பாலும் ஐந்தெழுத்துக் குறியீடாக இருக்கும். கொழும்புக்கு எல்கே-சிஎம்பி, ஹம்பாந்தோட்டைக்கு எல்கே-எச்பிஏ. நடுவழியில் எல்கே-சிஎம்பி மறைந்து அடுத்த துறைமுகத்தின் குறியீடு வந்தால், கம்பனி கொழும்பைத் தவிர்க்க முடிவு செய்திருக்கக் கூடும். 2023 இறுதியில் செங்கடலில் தாக்குதல்கள் தொடங்கி, கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போகத் தொடங்கியபின் அட்டவணைகள் குலைந்தன. அதன்பின் இந்த இரண்டு அறிகுறிகளையும் பார்ப்பது இறக்குமதியாளருக்கு அன்றாட வேலையாகிவிட்டது.

கொழும்புக்கு வெளியே இரண்டு நாளாக ஒரே இடத்தில் சுற்றுகிறது. என்ன நடக்கிறது?

இடம் கிடைக்கும் வரை காத்திருக்கிறது. நங்கூரமிட்டிருக்கிறதா, இயந்திரத்தை நிறுத்திவிட்டு மிதக்கிறதா என்பதைத் தடத்தின் வடிவமே சொல்லும்.

நங்கூரமிட்ட கப்பல் சங்கிலியைச் சுற்றி ஊசலாடும். அதன் புள்ளிகளைச் சேர்த்தால் பிறை அல்லது குதிரைலாடம் போன்ற வடிவம் வரும், வேகம் 0.0 முதல் 0.3 நொட்ஸ். மிதக்கும் கப்பலின் தடம் நேர்கோடாக ஒரு பக்கம் இழுபடும். வேகம் அரை நொட்டிலிருந்து ஒன்றரை வரை. ஓடும் திசை 80 பாகை, முகத்திசை 200 பாகை என்று இரண்டும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் நிற்கும். கப்பல் குறுக்காக அடித்துச் செல்லப்படுகிறது என்பதே அதன் பொருள். சில மணித்தியாலத்துக்கு ஒரு தடவை இயந்திரத்தை ஓட்டிப் பழைய இடத்துக்குத் திரும்பும். தடத்தில் அது மரம் அறுக்கும் வாளின் பற்களைப் போல் தெரியும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மே முதல் செப்டெம்பர் வரை வெளிக்கடல் கொந்தளிப்பாக இருப்பதால் பல கப்பல்கள் நங்கூரமிடாமல் இப்படித்தான் காத்திருக்கின்றன. நிலை "ஓடுகிறது" என்றே காட்டும், அது பிழையுமல்ல.

எந்த முனையத்தில் கட்டும் என்பதையும் ஊகிக்கலாம். 400 மீற்றர் நீளக் கப்பல்கள் பழைய துறைமுகத்துக்குள் வருவதில்லை. 2013-இல் இயங்கத் தொடங்கிய, 18 மீற்றர் ஆழமுள்ள சிஐசிடி முனையமோ, 2025 ஏப்ரலில் தொடங்கிய மேற்கு முனையமோ போன்ற ஆழமான புதிய முனையங்கள்தான் அவற்றுக்கு. 23,992 பெட்டி கொள்ளும் எவர் ஏஸ் 2021 ஒக்டோபரில் சிஐசிடியில்தான் கட்டியது. துறைமுகங்கள் அதிகாரசபையும் முனையங்களும் வெளியிடும் வரவு அட்டவணையைத் தடத்தோடு சேர்த்துப் பாருங்கள். ஒன்றை மட்டும் வைத்து லொறிக்குச் சொல்ல வேண்டாம்.

தம்பி கப்பலில் வேலை செய்கிறான். மூன்று நாளாகக் கப்பல் ஒரே புள்ளியில் நிற்கிறதாகக் காட்டுகிறது. பயப்பட வேண்டுமா?

பெரும்பாலும் இல்லை. முதலில் அந்தப் புள்ளிக்குப் பக்கத்தில் "கடைசியாகக் கிடைத்த நேரம்" என்ன என்று பாருங்கள். மூன்று நாளுக்கு முன் என்றால் கப்பல் நிற்கவில்லை. கரையிலுள்ள அன்டெனாக்களின் எல்லையைத் தாண்டிப் போயிருக்கிறது, அவ்வளவுதான். கரை நிலையத்துக்குச் சாதாரணமாக 40 கடல் மைல் வரைக்கும்தான் கேட்கும். அதற்கப்பால் செய்மதி வழியாகக் கிடைப்பதை இந்தத் தளங்கள் பெரும்பாலும் கட்டணம் கட்டுவோருக்குத்தான் காட்டும். இலங்கையின் தென்கரையைத் தாண்டி மினிக்கோய்க்கு மேற்கே போனதும் இலவசத் திரையில் கப்பல் காணாமற்போவது வழமை. கடைசி இடத்திலிருந்து அடுத்த துறைமுகம் வரையுள்ள தூரத்தை, கடைசி வேகத்தால் வகுத்து ஒரு நாளைக் குறித்துவையுங்கள்.

செங்கடல், ஏடன் வளைகுடா, ஹோர்முஸ் பக்கம் போகும் கப்பலின் தலைவர் ஏஐஎஸ்ஸை வேண்டுமென்றே அணைத்திருக்கலாம். தொடர்ந்து ஒலிபரப்பினால் கப்பலுக்கு ஆபத்து என்று அவர் கருதினால் அணைக்க ஐஎம்ஓவின் 2015 வழிகாட்டல் இடம் தருகிறது. இந்தச் சமயத்தில் அமைதி என்பது பாதுகாப்பு நடவடிக்கை.

குறித்த நாள் கடந்து இரண்டு நாளாகியும் கப்பல் தெரியவில்லை, தம்பியிடமிருந்தும் தகவல் இல்லை என்றால், அவரை வேலைக்கு அனுப்பிய முகவரைக் கேளுங்கள். கப்பல்களின் விவரங்களைத் தொகுத்துத் தரும் ஈக்வாசிஸ் தளத்தில் கப்பலின் பாதுகாப்பு முகாமைத்துவக் கம்பனியின் பெயர் இருக்கும். கப்பலின் பாதுகாப்பைக் கரையிலிருந்து கவனிக்கும் பொறுப்பாளர் ஒருவரை அவர்கள் நியமித்திருக்க வேண்டும் என்பது விதி. ஐஎம்ஓ எண்ணைச் சொல்லிக் கேட்டால் பதில் சீக்கிரம் வரும்.

கப்பல் பாலைவனத்தில் ஓடுவதாகவோ விமான நிலையத்தில் வட்டமடிப்பதாகவோ காட்டுகிறதே?

ஜிபிஎஸ் சமிக்ஞையை யாரோ குழப்பியிருக்கிறார்கள். கப்பல் தான் நம்பும் இடத்தை நேர்மையாகவே அனுப்புகிறது. அந்த நம்பிக்கைதான் பிழை. ஒரே நேரத்தில் பல கப்பல்கள் ஒரே மாதிரி வட்டமடித்தால் ஐயமே வேண்டாம். ஒரு நிமிடத்துக்குள் 15 மைல் தாண்டும் பாய்ச்சலும் அடையாளம். 2025 மே 10 அன்று எம்எஸ்சி அன்டோனியா என்ற கொள்கலன் கப்பல் ஜெத்தாவுக்கு அருகே தரைதட்டியது. அதற்கு முந்திய தடத்தில் இப்படிப்பட்ட பாய்ச்சல்கள் தெரிந்தன, ஜிபிஎஸ் குழப்பம்தான் காரணம் என்று சந்தேகிக்கப்பட்டது. பயணப் பதிவு எழுதும்போது இத்தகைய புள்ளிகளை அழிக்க வேண்டாம். "ஐயத்துக்குரியது" என்று குறித்துத் தனியே வையுங்கள்.

கப்பல் வந்துவிட்டது. ஆனால் என் பெட்டி இறங்கவில்லை. ஏன்?

கப்பலைப் பின்தொடர்ந்தீர்கள், பெட்டியைப் பின்தொடரவில்லை. பில் ஒஃப் லேடிங்கில் (சரக்கு ஏற்றியதற்குக் கப்பல் கம்பனி தரும் ஆவணம்) எழுதியிருக்கும் கப்பல் பல சமயம் முதல் கட்டக் கப்பல் மட்டும்தான். சீனாவில் ஏறிய பெட்டி சிங்கப்பூரிலோ போர்ட் கிளாங்கிலோ இறங்கி வேறு கப்பலுக்கு மாறும். அந்த இரண்டாவது கப்பலில் இடமில்லாவிட்டால் பெட்டி அடுத்த கிழமைக்குத் தள்ளப்படும்.

நான்கு எழுத்தும் ஏழு இலக்கமும் கொண்ட பெட்டி எண்ணைக் கப்பல் கம்பனியின் தளத்தில் போடுங்கள். இடைத்துறைமுகத்தில் "இறக்கப்பட்டது" என்ற வரி இருந்து "ஏற்றப்பட்டது" என்ற வரி இல்லாமலிருந்தால் நில்லுங்கள். நீங்கள் எதிர்பார்க்கும் கப்பல் அந்தத் துறைமுகத்தை விட்டு எப்போது புறப்பட்டது என்று ஏஐஎஸ்ஸில் பாருங்கள். புறப்பட்டுப் பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு மேலாகியும் "ஏற்றப்பட்டது" வராவிட்டால் பெட்டி பின்தங்கியிருக்க வாய்ப்பு அதிகம். அப்போதே கேட்டால் நாலு நாள் முன்னதாகத் தெரிந்துவிடும்.

பயண எண்ணிலும் குழப்பம் வரும். ஒரே கப்பலில் பல கம்பனிகள் இடம் பகிர்ந்துகொள்கின்றன. ஒவ்வொன்றும் தன் பயண எண்ணைப் போடும். எண்ணின் கடைசியிலுள்ள எழுத்து பெரும்பாலும் திசையைக் குறிக்கும், மேற்கு நோக்கியதா கிழக்கு நோக்கியதா என்று. போகும்போது ஒன்று, திரும்பும்போது வேறொன்று. சுங்கத் தாளில் தவறான திசையைப் போட்டுவிட்டுத் திருத்தத்துக்கு அலைவது வீண் செலவு. பெட்டிக்குத் தாமதக் கட்டணம் விழாத இலவச நாட்களையும் ஏஐஎஸ்ஸில் கப்பல் தெரிந்த நேரத்திலிருந்து எண்ண வேண்டாம். அது கம்பனியும் முனையமும் வைத்திருக்கும் விதிப்படி ஓடுவது. எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஒரு கப்பலின் பழைய பயணங்களை எப்படித் தொகுப்பது?

இலவசக் கணக்கில் தளங்கள் அண்மைய நாட்களை மட்டுமே காட்டும். பணம் கட்டாமல் வரலாறு எழுத, பல இடங்களில் இருந்து துண்டுகளைப் பொறுக்கிச் சேர்க்க வேண்டும்.

முதலில் ஈக்வாசிஸ். இலவசம், பதிவு மட்டும் போதும். பழைய பெயர்கள், கொடிகள், கம்பனிகள், கப்பலின் தரத்தைச் சோதித்துச் சான்றளிக்கும் வகைப்படுத்தல் சங்கம் எல்லாம் திகதியோடு அங்கே உண்டு. அதில் பலர் கவனிக்காத பக்கம் துறைமுகப் பரிசோதனைகள். ஒரு கப்பலை இன்ன துறைமுகத்தில், இன்ன திகதியில் அதிகாரிகள் ஏறிப் பார்த்தார்கள் என்பது அங்கே பதிவாகியிருக்கும். இலங்கையும் உறுப்பினராக உள்ள இந்தியப் பெருங்கடல் உடன்படிக்கை நாடுகளின் பரிசோதனைகளும் வரும். ஏஐஎஸ் தடத்தில் ஓட்டை இருந்தாலும், அந்த நாளில் கப்பல் அங்கே நின்றது என்பதற்கு இதைவிட உறுதியான சான்று இலவசமாகக் கிடைப்பதில்லை.

அமெரிக்கக் கடற்பரப்பின் ஏஐஎஸ் தரவை 2009 முதல் மரீன் கடாஸ்டர் தளம் இலவசமாகத் தருகிறது. டென்மார்க் கடல்சார் அதிகாரசபையும் தன் கடற்பரப்புத் தரவைத் தருகிறது. கோப்புகள் மிகப் பெரியவை. ஒரு நாளை மட்டும் இறக்கி, ஐஎம்ஓ அல்லது எம்எம்எஸ்ஐயால் வடிகட்டிய பின் அடுத்த நாளுக்குப் போங்கள்.

தரவே இல்லாத நாளுக்கு ஐரோப்பியச் செய்மதிப் படங்கள் உதவும். கோப்பர்னிகஸ் தளத்தில் சென்டினல்-2 படங்களின் நுணுக்கம் 10 மீற்றர். 400 மீற்றர் கப்பல் அதில் 40 புள்ளி நீளத்துக்குத் தெளிவாகத் தெரியும். நீளத்தை அளக்கலாம், எத்தனை கப்பல் கட்டியிருக்கிறது என்று எண்ணலாம், பெயர் தெரியாது. மேகம் மூடிய நாளுக்குச் சென்டினல்-1 ரேடார் படம்.

பதிவை அட்டவணையாக வையுங்கள்: துறைமுகம், வந்த நேரம், கட்டிய நேரம், விட்ட நேரம், வரும்போதும் போகும்போதும் ஆழம், இந்த வரி எதிலிருந்து வந்தது. கடைசி நிரல்தான் முக்கியம். ஆறு மாதம் கழித்து இரண்டு தகவல் முரண்படும்போது அது இல்லாவிட்டால் தொடக்கத்திலிருந்து தேட வேண்டிவரும்.

பயண வரலாறு வெறும் பொழுதுபோக்கல்ல என்பதற்கு எக்ஸ்-பிரஸ் பேர்ள் சான்று. 2021 பெப்ரவரியில் கையளிக்கப்பட்ட புதுக் கப்பல், 1,486 கொள்கலன்கள். டுபாயின் ஜெபல் அலி, கட்டாரின் ஹமாட், இந்தியாவின் ஹசீரா வழியாக வந்தது. நைத்திரிக் அமிலம் கசிந்த கொள்கலனை இறக்க ஹமாட்டிலும் ஹசீராவிலும் இடம் கிடைக்கவில்லை. மே 19 அளவில் கொழும்புக்கு வெளியே நங்கூரமிட்டது, மே 20 தீ, மே 25 வெடிப்பு, ஜூன் 2 ஆழ்கடலுக்கு இழுக்கும்போது பின்பகுதி தரையில் அமர்ந்தது. சுமார் 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகள் கடலில் கொட்டி, நம் கரையெங்கும் ஒதுங்கின. அந்தத் துறைமுக வரிசையை வைத்துப் பார்க்காமல், கொழும்பில் நடந்ததை மட்டும் பார்த்தால் எப்படி இது நடந்தது என்று புரியவே புரியாது.

கப்பலின் சொந்தக்காரர் யார் என்று ஒரு வரியில் சொல்ல முடியுமா?

முடியாது. நான்கு வரி வேண்டும். 2021 மார்ச் 23 முதல் 29 வரை சூயஸை அடைத்த எவர் கிவனை எடுங்கள்: உடைமையாளர் ஜப்பானின் ஷோய் கிசென், கொடி பனாமா, தொழில்நுட்ப முகாமை பேர்ன்ஹார்ட் ஷுல்டே, பக்கவாட்டில் பெரிதாக எழுதியிருந்த எவர்கிரீன் தைவான் கம்பனி; அது வாடகைக்கு எடுத்து ஓட்டியது. டாலியும் அப்படித்தான்: உடைமை கிரேஸ் ஓஷன், கொடி சிங்கப்பூர், முகாமை சினர்ஜி, வாடகைக்கு எடுத்தது மேர்ஸ்க். யாரிடம் எதைக் கேட்பது என்பது இதைப் பொறுத்தது. பெட்டி பற்றி என்றால் ஓட்டும் கம்பனியின் கொழும்பு முகவர். பணியாளர் பற்றி என்றால் முகாமைக் கம்பனி. விபத்து விசாரணை அறிக்கை என்றால் கொடி நாடும், விபத்து நடந்த கடற்பரப்புக்குரிய நாடும்.

பெயர் மாறிய கப்பலை எப்படித் தொடர்வது? உடைக்கப் போவதை எப்படி அறிவது?

2018 மார்ச்சில் அரபிக்கடலில் தீப்பற்றிய மேர்ஸ்க் ஹோனம், முன்பகுதி புதிதாகக் கட்டிப் பொருத்தப்பட்டு 2019-இல் மேர்ஸ்க் ஹலிஃபக்ஸ் என்ற பெயரில் கடலுக்குத் திரும்பியது. ஈக்வாசிஸில் பழைய பெயர்ப் பட்டியலைப் பார்ப்பவருக்குத்தான் இது தெரியும்.

உடைப்புக்குப் போகும் கப்பலில் மூன்று மாற்றங்கள் சில கிழமைக்குள் சேர்ந்து வரும். பெயரில் சில எழுத்துகள் மீது வர்ணம் பூசி அதைச் சுருக்குவார்கள். கொடி கொமொரோஸ், பலாவு, செயின்ட் கிட்ஸ் போன்ற ஒன்றுக்கு மாறும். ஆழம் வெறுங்கப்பலின் அளவுக்குக் குறையும். போகுமிடம் இந்தியாவின் ஆலங் அல்லது வங்காளதேசத்தின் சட்டோகிராம். கடைசியில் பெருநீர் வேளையில் நேரே கரையை நோக்கி 10 நொட்ஸுக்கு மேல் ஓடிச் சட்டென்று பூச்சியம் ஆகும்.

கப்பலின் கறுப்புப் பெட்டித் தரவு பொதுமக்களுக்குக் கிடைக்குமா?

கிடைக்காது. மேல்தளப் பேச்சும் ரேடார் படமும் பதியும் அந்தக் கருவி விசாரணையாளருக்கு உரியது. ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை கொடி நாட்டுக்குப் போகும் எல்ஆர்ஐடி இடத்தகவலும் அரசுகளுக்கு மட்டும்தான்.

வீட்டு மொட்டைமாடியில் சொந்தமாக ரிசீவர் வைக்கலாமா?

வைக்கலாம், கொழும்பு அதற்கு அருமையான இடம். வானொலிக் கருவி என்பதால் முதலில் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிடம் கேட்டு, தேவையான அனுமதியை முடித்துக்கொள்ளுங்கள். தேவைப்படுபவை ஓர் ஆர்டிஎல்-எஸ்டிஆர் டொங்கிள் (கணினியில் செருகும் சிறு வானொலி ரிசீவர்), ராஸ்பெரி பை என்ற சிறு கணினி அல்லது பழைய கணினி, ஏஐஎஸ்-கெச்சர் மென்பொருள், செங்குத்தாக நிற்கும் இருமுனை அன்டெனா. 162 மெகாஹேட்ஸுக்கு ஒவ்வொரு கையும் 44 சென்டிமீற்றர்.

எட்டும் தூரத்தை உயரம்தான் தீர்மானிக்கும். அன்டெனா உயரத்தின் வர்க்கமூலத்தையும் கப்பல் அன்டெனா உயரத்தின் வர்க்கமூலத்தையும் கூட்டி 4.12 ஆல் பெருக்கினால் கிலோமீற்றரில் தூரம் வரும். வெள்ளவத்தையில் எட்டு மாடிக் கட்டடத்தின் 25 மீற்றர் உயரம், கப்பலில் 50 மீற்றர் என்றால் ஏறத்தாழ 50 கிலோமீற்றர். வெளியே காத்திருக்கும் வரிசை முழுவதும் உங்களுக்குக் கேட்கும். தரவை ஏஐஎஸ்ஹப் போன்ற பரிமாற்றத் தளங்களுக்கு அனுப்பினால் மற்றவர்களின் தரவை நீங்களும் எடுக்கலாம்.

கெட்டுப்போவது பெரும்பாலும் இணைப்பில்தான். கடற்காற்றின் உப்பு கேபிள் முனையில் பச்சை படியவைத்துச் சமிக்ஞையைத் தின்றுவிடும். ஒரு நாளைக்கு நாற்பது கப்பல் கேட்ட இடத்தில் பத்துத்தான் கேட்கிறது என்றால் மென்பொருளைத் துழாவுமுன் மேலே ஏறி முனையைக் கழற்றிப் பாருங்கள். புது முனை போட்டு, தானாக ஒட்டும் ரப்பர் டேப்பை இழுத்து இறுக்கமாகக் கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள், அப்போதுதான் மழைநீர் மடிப்புக்குள் இறங்காது. ஏப்ரலிலும் ஒக்டோபர் நவம்பரிலும் பிற்பகலில் இடி முழங்கத் தொடங்கினால் கேபிளைக் கணினியிலிருந்து கழற்றிவிடுங்கள்.